அறுபத்தோராம் பக்கத்துப் பெண்

கார்வர்ஸ் ரன், பென்சில்வேனியா
பிப்ரவரி 11, 1979

மதிப்பிற்குரிய மிஸ் லோயிஸ் டீக் அவர்களுக்கு,

உங்கள் விலாசத்தைப் புத்தகம் போட்டவர்களிடம் கேட்டு வாங்கினேன். உங்களுக்கு என் பெயர் தெரியாது. முகம் தெரியும். உங்கள் புத்தகத்தின் அறுபத்தோராம் பக்கத்தில், கையில் மக்காச்சோளக் கதிரோடு வாயைப் பிளந்து சிரிக்கிறாளே ஒருத்தி, அது நான்தான். கீழே 'தீயணைப்புக் குழுவின் கோடை விருந்து, பென்சில்வேனியா, 1973' என்று போட்டிருக்கிறீர்கள். பெயர் இல்லை. அன்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

காரணம் சொல்லாமல் கேட்டால் நன்றாயிருக்காது. அன்று அந்த விருந்தில் எங்கள் மகன் ரோனி, மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்குவாரிக் குட்டையில் மூழ்கிப் போனான். அவனுக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு ஊரில் அந்த விருந்தே நடக்கவில்லை.

நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தால் இதை இன்னும் நன்றாக எழுதியிருப்பேன் என்று தோன்றுகிறது. ஊர் நூலகத்துக்கு உங்கள் புத்தகம் வந்திருக்கிறது. தீயணைப்பு நிலையத்தில் இரண்டு பிரதி வாங்கி வைத்திருக்கிறார்கள். கடையில் என்னைப் பார்த்தால், "டோலி, நீ புத்தகத்துல வந்துட்டியே!" என்று ஆரம்பிக்கிறார்கள். பாதியில் ஞாபகம் வந்து, ரொட்டி அடுக்கின் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

போன வாரம் என் கணவர் எமில் ஒரு பிரதியைக் கொண்டு வந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து, சமையலறை மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆலைக்குப் போய்விட்டார். 

இவ்வளவுதான்.

இப்படிக்கு,
டொலோரஸ் நோவிட்ஸ்கி


கொலம்பஸ், ஒஹாயோ
மார்ச் 2, 1979

அன்புள்ள திருமதி நோவிட்ஸ்கி,

உங்கள் கடிதத்துக்கு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் மன்னிப்பு அளவுக்கு மீறி இருந்தது. இன்னொன்றில் போதவில்லை. இது மூன்றாவது. இதையும் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிடப் போகிறேன்.

எனக்குத் தெரியாது. அது உங்கள் மகன் என்று சத்தியமாகத் தெரியாது. அன்று சைரன் சத்தம் கேட்டது, யாரோ ஒரு குழந்தை என்றார்கள். கேமராவோடு அங்கே நிற்பது முறையில்லை என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் வேறொரு ஊரில் டிராக்டர் ஊர்வலம். பன்னிரண்டு வருஷமாக என் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது. ஊர்வலம், மாட்டுச் சந்தை, அழகிப் போட்டி, பள்ளி வண்டி ஓட்டுநர்களின் வருடாந்தர விருந்து, ஆற்றங்கரை ஞானஸ்நானம் என்று ஜனங்கள் கூடுகிற இடத்துக்கெல்லாம் போவேன். படம் எடுப்பேன். சாலையோர விடுதியில் படுத்துக்கொள்வேன். யாரையும் கேலி செய்ய ஒரு படமும் எடுத்ததில்லை. உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. நீங்கள் அப்படிக் குற்றம் சாட்டவே இல்லையே.

புத்தகம் அச்சாகிக் கடைகளுக்குப் போய்விட்டது. அதிலிருந்து படத்தை எடுக்க வழியில்லை. செப்டம்பரில் பிட்ஸ்பர்க் அருங்காட்சியகம் ஒன்றில் என் படங்களை மாட்டப் போகிறார்கள். அதில் உங்கள் படம்தான் முதல் சுவரில் வருகிறது. அங்கிருந்து எடுக்கச் சொல்லலாம். சொல்கிறேன் என்று ஒரே வரியில் எழுதிவிட ஆசைதான். ஆனால் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. இதை மறைத்து எழுதினால் உங்களுக்கு மரியாதை செய்ததாகாது. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

அதுவரை நான் செய்யக்கூடியது வேறு ஏதாவது இருக்கிறதா? நல்ல தாளில் ஒரு பிரதி அனுப்பட்டுமா?

வருத்தத்துடன்,
லோயிஸ் டீக்


கார்வர்ஸ் ரன்
மார்ச் 15, 1979

மிஸ் டீக் அவர்களுக்கு,

பிரதி வேண்டாம். வீட்டில் ஒன்று இருப்பதே அதிகம். அதுவும் இப்போது என் பெண் டெனீஸின் அறையில் இருக்கிறது. பத்து வயது அவளுக்கு. படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, இது நீயா? உனக்கு இவ்ளோ பல்லா?" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் சிரித்து அவள் பார்த்ததில்லை.

வேறு ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டீர்கள். ஒன்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எமில் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப மணி என்ன?"

"எப்ப?"

"படம் எடுத்தப்ப."

"ஞாபகம் இல்ல எமில்."

"உனக்கு எதுதான் ஞாபகம் இருந்திருக்கு."

ஆறு வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி இது. அன்று அவர் தீயணைப்புக் குழுவில் போட்டி ஆடிக்கொண்டிருந்தார். கம்பியில் தொங்கும் பீப்பாயைக் குழாய்த் தண்ணீரை அடித்து எதிர்ப்பக்கம் தள்ளுவார்களே, அந்தப் போட்டி. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பையன் மேல் கண் வைத்திருக்க வேண்டியவள் நான். ஊருக்கே அது தெரியும். ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நல்ல ஊர் எங்கள் ஊர்.

எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. காலையில் தேவாலயப் பெண்களோடு உட்கார்ந்து பியரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்தது தெரிகிறது. அப்புறம் சைரன் தெரிகிறது. நடுவில் ஒன்றுமில்லை. டாக்டர் அப்படித்தான் இருக்கும் என்றார், மாத்திரை கொடுத்தார். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். தட்டு வரும், நான் ஊற்றுவேன், அடுத்த தட்டு வரும். அழுகை வருவதில்லை. வேறு எதுவும்கூட வருவதில்லை.

உங்களிடம் எல்லாம் வரிசையாக இருக்கும்தானே? எந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் என்று? அதைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் சிரித்தது அதற்கு முன்னாலா, அந்த நேரத்திலேயா? நானும் தெரிந்துகொள்கிறேன். எமிலுக்கும் சொல்லிவிடலாம்.

டொலோரஸ் நோவிட்ஸ்கி


கொலம்பஸ்
ஏப்ரல் 8, 1979

அன்புள்ள திருமதி நோவிட்ஸ்கி,

உங்கள் கடிதம் வந்த அன்றே பார்த்துவிட்டேன். எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. 'காலையில் எடுத்தது' என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் நீங்கள் என்னைக் கேட்டது நான் அங்கே இருந்தவள் என்பதால்தான். அதில் பொய் சொன்னால், நான் அங்கே போனதற்கே அர்த்தமில்லை.

காலையில் எடுத்ததில்லை. உங்கள் படத்துக்குப் பிறகு அதே சுருளில் போல்கா வாத்தியக்காரர்களை எடுத்திருக்கிறேன். அதற்கு அடுத்த படத்தில் முதுகுகள் மட்டும்தான். எல்லோரும் ஒரே பக்கமாக ஓடுகிறார்கள். சைரன் அப்போதுதான் ஊதியிருக்க வேண்டும். கடிகார நேரம் எனக்குத் தெரியாது. ஆனால் இடையில் அதிக நேரம் போகவில்லை.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்கிறேன். எதற்குச் சிரித்தீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னைப் பார்த்துத்தான். சோளம் வேக வைக்கிற மேசையைப் படம் எடுக்கப் பின்னாலேயே நகர்ந்து போய், குளிர்பானப் புட்டிகளைப் போட்டு வைத்திருந்த ஐஸ் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டேன். விழுந்த வாக்கிலேயே விரல் அழுத்திவிட்டது. அதனால்தான் படம் கோணலாக இருக்கிறது. அந்தக் கோணலைப் பற்றிப் பத்திரிகையில் ஒருவர் ஒரு பத்தி எழுதியிருக்கிறார், ஆழ்ந்த கலை என்று. நான் மறுக்கவில்லை.

நீங்கள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டீர்கள். "ஏம்மா, பின்னாடி தொட்டி இருக்குன்னு கத்துறேன், காதுல என்ன பஞ்சா?" என்றீர்கள். ஒரு துண்டு கொடுத்தீர்கள். அந்தத் துண்டோடுதான் காரில் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பிட்ஸ்பர்க்கில் படத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதிவிட்டேன்.

லோயிஸ் டீக்


கார்வர்ஸ் ரன்
ஏப்ரல் 22, 1979

மிஸ் டீக் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி. இங்கே எல்லோரும் நல்ல மனதோடு வாயை மூடிக்கொண்டே ஆறு வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

டெனீஸைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எமிலை உட்கார வைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். அவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. முடிந்ததும், "அந்தத் தொட்டி விஷயத்த இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். 

"அவன் எங்கிட்ட வந்தான் டோலி."

"யாரு?"

"ரோனி. நான் குழாயப் பிடிச்சிட்டிருந்தேன். 'அப்பா, குட்டையில தவளை பாக்கப் போகட்டுமா'ன்னான். எதிர் டீம்காரன் பீப்பாய எங்க பக்கம் தள்ளிட்டு வரான். நான் திரும்பிக்கூடப் பாக்கல. 'போ போ, அம்மாகிட்ட சொல்லிட்டுப் போ'ன்னேன்."

"எங்கிட்ட வரல."

"தெரியும்."

"ஆறு வருஷமா தெரியுமா?"

 பிறகு நான் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். எதற்காக என் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தாய் என்றேன்.

"நீயும் அந்த நேரத்துல சிரிச்சிட்டிருந்தேன்னு ஆயிட்டா, நான் மட்டும் இல்லன்னு ஆகும்ல? அப்படி நெனச்சேன்" என்றார்.

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஊரெல்லாம் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டபோது பக்கத்திலேயே இருந்தார். கல்லறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் வருகிறதா என்று, கைப்பையில் சாவி தேடுவது போல உள்ளே தேடிப் பார்த்தேன். கையில் தட்டுப்படவில்லை. எழுந்துபோய் இரண்டு காப்பிக் கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தேன்.

மறுநாள் ஆலை விட்டு வந்ததும் துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மலையின் அந்தப் பக்கம். நான் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. டெனீஸ் கேட்டதற்கு, அப்பாவுக்கு அங்கிருந்து வேலைக்குப் போவது சுலபம் என்றேன். "அங்கேருந்து இன்னும் தூரம்மா" என்றாள்.

டொலோரஸ்


கொலம்பஸ்
மே 10, 1979

அன்புள்ள டொலோரஸ்,

பெயர் சொல்லி எழுதுவதைத் தவறாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்த மேசை, தொப்பியைக் கழற்றாத உங்கள் கணவர், கவிழ்த்து வைத்த கோப்பைகள் எல்லாம் கண்ணிலேயே நிற்கின்றன. இவ்வளவு காலம் தனியாகச் சுமந்த பாரத்தில் பாதியாவது இப்போது இறங்கியிருக்கும். அந்த வகையில் அந்தப் படம் ஏதோ ஒரு நன்மை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள். ஜூன் மாதம் அந்தப் பக்கம் வருகிறேன், உங்களைப் பார்க்கலாமா? நீங்கள் ஒப்புக்கொண்டால் அந்தச் சமையலறையில், அந்த மேசையில் உங்களை ஒரு படம் எடுக்க விரும்புகிறேன். அறுபத்தோராம் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போல. இப்போதிருக்கிற நீங்கள். சிரிக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
லோயிஸ்


கார்வர்ஸ் ரன்
ஜூன் 3, 1979

மிஸ் டீக் அவர்களுக்கு,

வர வேண்டாம். நீங்கள் எங்கள் மேசையைப் பார்த்தாகிவிட்டது. படம் எடுக்காத குறைதான்.

பாரம் இறங்கியிருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எடை தெரிந்தால்தானே இறங்கியதும் தெரியும். சிரிக்க வேண்டியதில்லை என்று அனுமதி வேறு கொடுத்திருக்கிறீர்கள். அதற்கும் நன்றி.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்கள் படத்தால் இங்கே ஒன்று நடந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை.

இந்த வருஷம் தீயணைப்புக் குழு கோடை விருந்தை மறுபடி நடத்துகிறது. குட்டையைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். குழுத் தலைவர் கோவல் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஊருக்கே பெருமையான படம் டோலி. அத விளம்பரத்துல போடலாம்னு பசங்க சொல்றாங்க. நீ வேணாம்னா வேணாம், வேற போட்டுக்கிறோம்" என்றார். "போடுங்க" என்றேன். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்த அளவுக்குத் தெம்பு இல்லை.

ஊர் முழுக்க ஒட்டினார்கள். முடிவெட்டுகிற கடை, வங்கி, பால் ஐஸ் கடை, மின்கம்பம் என்று எல்லா இடத்திலும் நான். பள்ளிக்கு நடந்து போகிற வழியில் நான் என்னைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

போன சனிக்கிழமை எமில் எல்லாவற்றையும் கிழித்துவிட்டார். பட்டப்பகலில், கடைகடையாக ஏறி. முடிவெட்டும் ஹார்வி தடுத்திருக்கிறான்.

"உனக்கென்னய்யா வந்துது? உம் பொண்டாட்டியே சரின்னுட்டாளாம்ல."

"அவ எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்வா. ஆறு வருஷமா அது ஒண்ணுதான் சொல்றா. நீ கழட்டறியா, நான் கழட்டட்டுமா?"

அப்போது அங்கே முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தவரின் மனைவி எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். மறுநாள் பள்ளியில் நான் அவளுடைய பையனுக்கு உருளைக்கிழங்கு அதிகமாக வைத்தேன்.

கிழித்த தாள்களைக் கட்டி எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே வரவில்லை. அவற்றை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நிலவறையில் போட்டிருக்கிறேன்.

டொலோரஸ் நோவிட்ஸ்கி


கொலம்பஸ்
ஜூலை 15, 1979

அன்புள்ள திருமதி நோவிட்ஸ்கி,

நீங்கள் எழுதியது நியாயம். உங்கள் துக்கத்தைப் படிக்கும்போதே எந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படி ஆகிவிட்டது. என் அப்பாவை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள் எல்லோரும் எந்தெந்த இடத்தில் நின்றார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் படத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். இதை உங்கள் துக்கத்துக்குச் சமமாக வைக்கவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் தெருக்கோடித் தேவாலயத்தில் கோழி விருந்து. கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. உள்ளே போனதும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுவரோரமாக நின்றேன். ஒரு பெரியவர் வந்து, "என்னம்மா, யாருக்காவது காத்திட்டிருக்கியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சும்மா நிக்காத, இதப் பிடி" என்று மடக்கு நாற்காலிகளைக் கொடுத்தார். சாயங்காலம் வரை நாற்காலி விரித்தேன், மடக்கினேன். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பேர் தெரியும். அவள் பேர் நெட்டி. நான் கேட்டேன்.

பிட்ஸ்பர்க்கில் உங்கள் படம் இல்லை. அங்கே பொறுப்பில் இருப்பவர் தொலைபேசியில், "அந்த ஒண்ணுதாங்க மொத்த சுவத்துக்கும் உயிரு, அத எடுத்துட்டா மீதி எல்லாம் வெறும் கூட்டம்" என்று புலம்பினார். எடுத்தாகிவிட்டது. விளம்பரத்துக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

பதில் எழுத வேண்டும் என்றில்லை.

லோயிஸ் டீக்


கார்வர்ஸ் ரன்
ஆகஸ்ட் 12, 1979

அன்புள்ள லோயிஸ்,

விருந்து நடந்தது. நான் போகவில்லை. எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் வாத்தியச் சத்தம் கேட்கும். சாத்தி வைத்தேன். சாத்தினாலும் முரசுச் சத்தம் கேட்டது. தக்காளியைப் புட்டியில் அடைத்துக்கொண்டிருந்தேன்.

எமில் வந்து டெனீஸைக் கூட்டிக்கொண்டு போனார். நான் தடுப்பேன் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. வாசலில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். சாயங்காலம் அவள் மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து திரும்பி வந்தாள். "அப்பா வேலிகிட்டயே நின்னுட்டிருந்தாரு. சோளம்கூட சாப்பிடல" என்றாள்.

பிறகு மேலே போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். மெத்தைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள். துணிமணியோடு அதையும் எமில் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இந்தப் படத்துல யாருக்கும் இன்னும் தெரியாது இல்ல?"

"என்ன தெரியாது?"

"ரோனி பத்தி."

"தெரியாது."

"பின்னாடி தொப்பி வச்சிட்டு நிக்கிறாரே, அவருக்கும் தெரியாது. இந்தக் குண்டு அம்மாவுக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது."

"ஆமா."

"இதப் பிட்ஸ்பர்க்ல பெருசா மாட்டப் போறாங்கன்னு விருந்துல பேசிக்கிட்டாங்க. நான் பாக்கணும்."

மாட்டவில்லை, எடுத்தாகிவிட்டது, நான்தான் எடுக்கச் சொன்னேன் என்றேன். அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தக்காளிக் குப்பையை வெளியே கொண்டு போய்க் கொட்டினாள். நான் சொல்லாமலே.

படத்தைத் திரும்ப மாட்டச் சொல்ல முடியுமா? மனம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனம் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பெண் பார்க்க வேண்டும் என்கிறாள். ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது மிகக் குறைவு.

டொலோரஸ்


கொலம்பஸ்
ஆகஸ்ட் 20, 1979

அன்புள்ள டொலோரஸ்,

சொல்லிவிட்டேன். மாட்டுகிறார்கள். செப்டம்பர் பதினைந்திலிருந்து திறந்திருக்கும், திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே போனதும் இடது பக்கம்.

நீங்கள் வருகிற அன்று நான் அங்கே இருக்க மாட்டேன். என்றைக்கு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரிவிக்கவும் வேண்டாம்.

படத்தின் கீழே உங்கள் பெயரைப் போடலாமா என்று அவர்கள் கேட்டார்கள். அவரைக் கேட்காமல் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கும்.

லோயிஸ்


கார்வர்ஸ் ரன்
அக்டோபர் 7, 1979

அன்புள்ள லோயிஸ்,

நேற்றுப் போய் வந்தோம். மூன்று பேரும். டெனீஸ் எமிலுக்குத் தொலைபேசியில், "அப்பா, நீதான் ஓட்டணும், அம்மாவுக்கு அந்தப் பாலம் எல்லாம் பயம்" என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பாலம் பயம் கிடையாது. எமிலுக்கும் அது தெரியும். வந்துவிட்டார். நல்ல கோட்டு போட்டிருந்தார்.  வழியெல்லாம் டெனீஸ் ஆலைப் புகைக்குழாய்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

படம் பெரிதாக இருக்கிறது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். என் முகமே எங்கள் வீட்டு அடுப்பு அளவு. பல்லில் ஒட்டிய சோளம் தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்த்தேன். யாரோ நன்றாக இருக்கிற ஒரு பெண் என்று தோன்றியது. எங்கள் தெருவுக்குக் குடி வந்தால் பேசியிருப்பேன். வேறு எதுவும் தோன்றவில்லை. நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள், மன்னிக்கவும்.

எங்களுக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். "பாரேன், அப்பல்லாம் ஜனங்க எவ்ளோ கவலையில்லாம இருந்திருக்காங்க" என்றாள் அந்தப் பெண். இந்தப் படம் என்னவோ நூறு வருஷத்துக்கு முந்தியது மாதிரி. அவர் ஆமா என்றார். திரும்பும்போது என்மேல் லேசாக இடித்துவிட்டு, மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கே சீருடை போட்ட காவலாள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டெனீஸ் நேராக அவரிடம் போனாள்.

"இது எங்கம்மா."

"எது பாப்பா?"

"இந்தப் படத்துல இருக்கறது. அதோ நிக்கிறாங்களே, அவங்கதான்."

அவர் எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை.

"இல்ல பாப்பா, இது வேற யாரோ. சாயல் வேணா கொஞ்சம் இருக்கு" என்றார்.

"இல்ல, அம்மாதான்!"

"விடு டெனீஸ்" என்றேன். அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. சண்டை போட என்ன இருக்கிறது.

எமில் அதுவரை தூரத்தில், அடுத்த சுவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அந்தப் படத்தின் அருகே வரவே இல்லை. அங்கிருந்து வந்தார். அந்த அறையில் எல்லோரும் கிசுகிசுவென்று பேசுகிறார்கள். இவருக்கு ஆலைக் குரல்.

"அவதான்" என்றார்.

"சார், நான் ஒண்ணும் தப்பா..."

"அவதான்யா. எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா? டொலோரஸ் நோவிட்ஸ்கி. பேரு போடாம விட்டிருக்கீங்க, எழுதிக்கோ."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் அவரை. அப்புறம் என்னை. ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது அல்லவா. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எமிலின் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அண்ணன் மனைவிக்குத் தையல் வராது.

பெயரைப் போடச் சொல்லுங்கள். முழுப் பெயர்.

திரும்பும்போது மழை. டெனீஸ் பின்னால் தூங்கிவிட்டாள். எமில் டெனீஸைக் கொண்டுவந்து விடுகிற நாளெல்லாம் வாசலில் காரை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமலேயே உட்கார்ந்திருப்பார். அவள் உள்ளே ஓடியதும் கிளம்பிவிடுவார். நேற்றும் அப்படித்தான் நிறுத்தினார். துடைப்பான் இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. நான் இறங்கவில்லை.  

"பொத்தான் அறுந்திருக்கு" என்றேன்.

குனிந்து பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார்.

டொலோரஸ்